சொல்லி முடி, விசயா

தேவர்சோலை
5.2.2025

அன்புள்ள தம்பி மாரிச்சாமிக்கு,

அழகையா எழுதுவது. உறையின் பின்னால் என் பெயரைப் போடவில்லை. போட்டால் பிரிக்காமலே அடுப்பில் வைத்துவிடுவீர்களோ என்று பயம். பதினேழு வருடம் கழித்து எழுதுகிறேன். 'நீ' என்று எழுதுவதா 'நீங்கள்' என்று எழுதுவதா என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்து, 'நீங்கள்' என்றே வைத்துக்கொண்டேன்.

உங்கள் மச்சினன் பாலகுமார் கூடலூர் சந்தையில் கிடைத்தார். நீங்கள் ஊட்டி பெர்ன்ஹில்லில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தோட்டம் பார்ப்பதாகச் சொல்லி விலாசம் கொடுத்தார். போன் நம்பரும் கொடுத்தார். எனக்கு அது உதவாது. ஃபாக்டரி மெஷின் சத்தத்தில் இரண்டு காதும் போய்விட்டன. ஆள் எதிரே நின்று பேசினால் வாயசைவை வைத்துப் பிடித்துக்கொள்வேன். செல்போனில் எழுதி அனுப்பலாம்தான், ஆனால் பந்தலூரிலிருந்து வரும்போதெல்லாம் என் மகன் அதை எடுத்துப் படித்துவிடுகிறான்.

விஷயம் இதுதான். நம் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் இந்த வருடம் 'இந்திரபுரி சபதம்' போட வேண்டும் என்று வெற்றிச்செல்வன் வாத்தியார் நிற்கிறார். நீங்கள் ஊரை விட்டுப் போன வருடத்தோடு நின்ற நாடகம். இப்போதுள்ள பிள்ளைகளுக்குக் கதையே தெரியவில்லை. தளபதி சூரதேவன் மன்னனைக் கொன்று பட்டத்தைப் பிடிப்பது, மன்னன் மகன் விசயன் காட்டில் வளர்ந்து பழிவாங்க வருவது, கடைசியில் சபையில் நாலு பேரும் செத்து விழுந்து கட்டியக்காரன் ஒருத்தன் மட்டும் மிஞ்சுவது, எல்லாம் நான்தான் உட்கார்ந்து சொன்னேன். சூரதேவன் இப்போதும் நான்தான். விசயன் வேஷத்துக்கு சசிதரனைப் பழக்கினோம். பையனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். வேறு யார் என்று கேட்டால் லயத்து வீடுகளில் எல்லோரும் ஒரே பேரைத்தான் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு. யானை நடமாட்டம் இருப்பதால் இருட்டுவதற்குள் முடிக்கச் சொல்லி ஃபாரஸ்ட்காரர்கள் உத்தரவு. ஒரு மணிக்கு ஆரம்பித்து ஐந்துக்குள் எல்லோரும் செத்துவிட வேண்டும்.

எழுத வேண்டியது இன்னும் இருக்கிறது. கை வரவில்லை.

இப்படிக்கு
அழகையா


பெர்ன்ஹில், ஊட்டி
14.2.2025

திரு. அழகையா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அடுப்பில் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

நான் வரமாட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதியிருப்பதால் நானே எழுதுகிறேன். 2008 ஜனவரியில் ஃபாக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையர் அறை தீப்பிடித்தது. அன்று டிரையர் உங்கள் பொறுப்பு. நான் அடுத்த அறையில் தூள் சலித்துக்கொண்டிருந்தேன். என்கொயரியில் நான் எதிரே நிற்கும்போதே நீங்கள், "மாரிச்சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன், பாத்துக்கறேன்னு சொன்னான்" என்றீர்கள். நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வேலை போனது. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். என் மகள் ராஜப்ரியா அந்த மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டியவள். எழுதவில்லை. எட்டு வருடம் ஒரே மேடையில் என்னைக் கொன்றும் என்னிடம் செத்தும் பழகிய மனிதர் நீங்கள்.

இப்போது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல முதலாளி, நல்ல வெயில், தேவிக்குக் கொல்லையில் நாலு பாத்தி கேரட். ராஜப்ரியா குன்னூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். இதைப் போய் கலைக்க எனக்கு மனமில்லை.

வெற்றிச்செல்வன் வாத்தியாரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். பாலகுமார் சொன்னான், கடைசிக் காட்சியில் சூரதேவன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லிக் கொடுக்கிறீர்களாம். நாடகத்தில் அப்படிக் கிடையாது.

மாரிச்சாமி


தேவர்சோலை
22.2.2025

தம்பி,

நீங்கள் எழுதியதில் ஒரு வரியையும் மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

கடைசிக் காட்சி பற்றி: நாடக நோட்டைக் கரையான் அரித்துவிட்டது. கடைசி எட்டுப் பக்கம் தூளாகிவிட்டது. சூரதேவன் மண்டியிட்டதாகத்தான் எனக்கு ஞாபகம். என் வேஷம்தான், ஆனாலும் மறந்துவிட்டேன். அல்லது மன்னிப்புக் கேட்டால் நன்றாக இருக்கும் என்று நானே சேர்த்துக்கொண்டேனோ என்னவோ.

நீங்கள் வர வேண்டாம். அந்தக் காட்சியை மட்டும் எழுதி அனுப்பினால் போதும். யாரையாவது வைத்துப் போட்டுக்கொள்கிறோம்.

அழகையா


பெர்ன்ஹில்
9.3.2025

அழகையா அவர்களுக்கு,

காட்சியைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்பது பக்கம் வந்தது. எழுதும்போது ஒரு சொல்கூடத் தடைப்படவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சூரதேவன் மன்னிப்புக் கேட்பதில்லை. விசயன் வாளை உருவிக்கொண்டு, "உன் குற்றம் ஒவ்வொன்றையும் இந்தச் சபை கேட்கட்டும்" என்கிறான். சேவகர்கள் பாய்கிறார்கள். சூரதேவன் கையை உயர்த்தி அவர்களை நிறுத்திவிட்டு, "சொல்லி முடி, விசயா. கேட்டுவிட்டே சாகிறேன்" என்கிறான். அப்புறம்தான் விசயன் நின்ற இடத்திலிருந்து குற்றங்களை அடுக்குகிறான். இடையில், தன் மகன் விசயனுக்கென்று சூரதேவன் வைத்த விஷப்பழத்தை ராணி எடுத்துத் தின்றுவிடுகிறாள். அமைச்சர் குறுக்கே விழுந்து வெட்டுப்படுகிறார். சூரதேவன் வெட்டுப்பட்டு விழும்போது இடுப்புக் கத்தியால் விசயனையும் குத்திவிட்டுச் சாகிறான். அந்த வில்லனிடம் எனக்குப் பிடித்ததே, அவன் கெஞ்சாமல் நின்று கேட்கிறானே, அதுதான். அதைப் போய் மாற்றினால் மிச்சம் என்ன இருக்கிறது?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இந்த வாரம் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விடும்போது வசனம் தானாக வாயில் வந்தது. தேவி பின்னால் வந்து நின்றிருக்கிறாள். "ஏனுங்க, பூவுகிட்டயா போயி சபதம் போடறீங்க? போறதுன்னா போயிட்டு வாங்க. நாங்கூட பாக்கோணும்னுதான் இருக்கறேன்" என்றாள்.

வருகிறேன். உங்களுக்காக அல்ல. உங்கள் வீட்டில் தங்கமாட்டேன், சாப்பிடமாட்டேன். ஒத்திகைக்கு ஏப்ரல் 6 ஒரு நாள் மட்டும்.

மாரிச்சாமி


தேவர்சோலை
20.3.2025

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்பது பக்கத்தையும் வாத்தியார் கோவிலில் வைத்து வாசித்தார். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நீங்கள் சொன்னதுதான் சரி. மண்டியிடுவதை எடுத்துவிட்டோம்.

நீங்கள் வருகிற செய்தி லயம் முழுக்கப் போய்விட்டது. சில்வஸ்டர்தான் கட்டியக்காரன், அதே சில்வஸ்டர், தொப்பை மட்டும் புதிது. ராணி வேஷத்துக்கு இந்தத் தடவை பெண் பிள்ளையே வந்திருக்கிறாள், கூடலூர் காலேஜில் படிக்கும் ரேணுகா. நன்றாகச் சாகிறாள். அமைச்சர்தான் பிரச்சினை. செத்துக் கிடக்கும்போது குளிருகிறது என்று காலை இழுத்துக்கொள்கிறார். பிணத்துக்கு ஸ்வெட்டர் போடலாமா என்று வாத்தியாரைக் கேட்டார். அரண்மனைப் பட்டு வேஷ்டிக்குள்ளே ரெண்டு பேண்ட் போட்டுக்கொள்ளச் சொல்லித் தீர்த்து வைத்தோம்.

எனக்கு இந்தச் சிரிப்பெல்லாம் கண்ணால்தான். ஆனாலும் போதுமானதாக இருக்கிறது.

நீங்கள் எனக்காக வரவில்லை என்று எழுதியதைப் படித்தேன். சரி.

அழகையா


பெர்ன்ஹில்
10.4.2025

அழகையா அவர்களுக்கு,

ஒத்திகையில் நாம் இருவரும் வசனத்துக்கு வெளியே ஒரு சொல் பேசவில்லை. மற்றவர்களும் கவனித்திருப்பார்கள். கொழுந்து பறிக்கும் ராக்கம்மா அக்கா மட்டும் என் கையைப் பிடித்து, இளைத்துவிட்டேன் என்றார். இளைக்கவில்லை.

திரும்பும்போது நான் இருந்த லைன் வீட்டைப் பார்த்தேன். குழாய்க்குப் பக்கத்து வீடு. வாசலில் உங்கள் மனைவி பொன்னாயி அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் நீங்கள்தான் இருக்கிறீர்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வாசல் கொய்யா நான் வைத்தது. என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்து, "வாங்க தம்பி, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

நடுவட்டம் தாண்டி பைக்காரா வரும்வரை யோசித்தேன். ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் செய்தால் அது நீங்கள் செய்தது மாதிரி ஆகிவிடும். அதனால் சொல்கிறேன்.

கடைசிக் காட்சியில் விசயன் குற்றங்களை அடுக்கும் இடத்தில் நாடக வசனத்தைப் பேசமாட்டேன். அதற்குப் பதிலாக இதைப் பேசுவேன்:

"இந்தச் சபையில் இருப்பவர்களே, கேளுங்கள். 2008 ஜனவரி 18, வெள்ளிக்கிழமை மத்தியானம், நம் ஃபாக்டரியில் டிரையரை விட்டுவிட்டு அழகையா பீடி குடிக்கப் போனார். தீப்பிடித்தது. என்கொயரியில் பயத்தில் என் மேல் பொய் சொன்னார். நான் குற்றவாளி ஆனேன். என் குடும்பம் தெருவுக்கு வந்தது. நான் குடும்பம் நடத்திய வீட்டில் இன்று அவர் இருக்கிறார். இது நாடகம் இல்லை. நான் மாரிச்சாமி."

பிறகு வாளைக் கீழே போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவேன். உங்களுக்குக் காது கேட்காது. நான் என்ன பேசினேன் என்று பிறகு தெரிந்து தவிக்க வேண்டாம் என்றுதான் எழுதி அனுப்புகிறேன். வேஷம் வேண்டாம் என்றால் வாத்தியாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மாரிச்சாமி


தேவர்சோலை
16.4.2025

அன்புள்ள மாரிச்சாமிக்கு,

உங்கள் வசனத்தை நாலைந்து தடவை படித்தேன். வேஷத்திலிருந்து விலகமாட்டேன். நீங்கள் அதைப் பேசுங்கள். ஆனால் அதில் தப்பு இருக்கிறது. சபையில் சொல்வது சரியாக இருக்க வேண்டும் இல்லையா? அதனால் திருத்தி எழுதுகிறேன்.

நான் பீடி குடிக்கப் போகவில்லை. அதற்கு முந்தின வருடத் திருவிழாவில் சூரதேவன் விழுந்து சாகும்போது ஜனம் சிரித்துவிட்டது. உங்களுக்கு நினைவிருக்கும், கிரீடம் உருண்டு மத்தளத்தில் முட்டியது. எனக்கு அது வருடம் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று மத்தியானம் கொழுந்து இறக்கும் ஷெட்டுக்குப் பின்னால் போய், சாக்கை விரித்து, வெட்டுப்பட்டு விழுந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டுத் தடவை விழுந்திருப்பேன். அரைமணி நேரம். புகை வாசம் வந்துதான் ஓடி வந்தேன். பீடி என்றால் எல்லோரும் செய்கிற தப்பு. இதை வெளியே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பொய்யில் பாதி அந்த வெட்கத்தால் வந்தது.

பயத்தில் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என்கொயரி அன்று அது உண்மை. ஆனால் அதோடு முடியவில்லை. இது உங்களுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

என்கொயரி முடிந்து எட்டாம் நாள் மேனேஜர் தொரை என்னைத் தனியாக ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவருக்குச் சந்தேகம். கதவைச் சாத்திவிட்டு, "நெசத்தச் சொல்லு அழகையா. நீ மாத்திச் சொன்னா உனக்கு ஒரு மாசம் சஸ்பென்ஷன், அவ்வளவுதான். ரெண்டு பேர் வேலையும் போகாது" என்றார். அன்று எனக்குப் பயமில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார். டீ கொடுத்திருந்தார். ஜன்னல் வழியாக நீங்கள் கொழுந்து லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் யோசித்து, நிதானமாக, "சொன்னது நெசந்தாங்க தொரை" என்றேன். ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே 'பயத்தில் பொய் சொன்னார்' என்பதை எடுத்துவிட்டு, 'இரண்டு தடவை பொய் சொன்னார், இரண்டாம் தடவை பயமில்லாமல்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு தானாக எனக்கு வரவில்லை. நான் எழுதிக் கேட்டு வாங்கினேன். பொன்னாயிக்குக் குழாய் பக்கமாக இருக்கட்டும் என்று. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளுக்கு இது ஒன்றும் தெரியாது. ஊரோடு சேர்ந்து அன்றைக்குத்தான் கேட்பாள்.

இடம் மட்டும் ஒன்று கவனியுங்கள். வெளிச்சம் மேற்கிலிருந்து வரும். நீங்கள் இடதுபக்கம் நின்று பேசினால் உங்கள் வாய் எனக்கு நன்றாகத் தெரியும்.

அழகையா


தேவர்சோலை
29.4.2025

மாரிச்சாமிக்கு,

நீங்கள் என்னை ஏமாற்றிவிட்டீர்கள்.

நான் தயாராக வந்திருந்தேன். காலையில் குளித்து, கோவிலுக்குப் போய், பொன்னாயியை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு வந்தேன். கடைசிக் காட்சி வந்ததும் சேவகர்களை நிறுத்தி, "சொல்லி முடி, விசயா" என்றேன். நீங்கள் இடதுபக்கம் வந்து நின்றீர்கள். உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை, "சொல்லி முடி" என்றேன். அப்புறம் உங்கள் வாய் அசைந்தது. 'ஜனவரி' என்று வரும் என்று பார்த்தால், "நள்ளிரவில் நம்பிய மன்னனை" என்று நாடக வசனம் வருகிறது. ராணி விஷப்பழத்தைத் தின்றது, அமைச்சர் விழுந்தது, எதுவும் மனதில் பதியவில்லை. நீங்கள் வெட்டினீர்கள், நான் விழுந்தேன். உங்களைக் குத்தவே மறந்துவிட்டேன். நீங்களாகவே என் பக்கத்தில் வந்து விழுந்து செத்தீர்கள். சில்வஸ்டர் முடிவுரை சொன்னபோது ஜனம் எழுந்து நின்று கைதட்டியதாம். பொன்னாயி சொன்னாள்.

அரிதாரத்தைப் பாதி துடைத்தபடி தேவியைக் கூட்டிக்கொண்டு ஐந்தரை பஸ்ஸில் போய்விட்டீர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் மேல் இரக்கப்பட்டிருந்தால் எனக்கு அது வேண்டாம்.

அழகையா


பெர்ன்ஹில்
4.5.2025

அன்புள்ள அழகையாண்ணனுக்கு,

இரக்கம் இல்லை அண்ணே. எழுதிப் பார்க்கிறேன், சரியாக வருகிறதா தெரியவில்லை.

உங்கள் திருத்தத்தோடு அந்த வசனத்தைப் பத்து நாள் மனப்பாடம் செய்தேன். அந்த எட்டாம் நாள் விஷயத்தைப் படித்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. தேவியிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு மாதம் சஸ்பென்ஷன். என் மகள் அந்தப் பரீட்சையை எழுதியிருப்பாள். அதை நினைத்து நினைத்து, பேசியே தீருவது என்றுதான் மேடை ஏறினேன்.

நீங்கள் "சொல்லி முடி" என்றீர்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். ராஜா உடுப்பு, ஒட்டு மீசை, எல்லாவற்றுக்கும் நடுவில் கண் இரண்டும் என் வாயிலேயே நிற்கின்றன. ஒரு எழுத்துத் தவறக்கூடாது என்று பார்க்கிறீர்கள். என்கொயரியில் நான் கத்திக் கத்திச் சொன்னேன், இல்லை இல்லை என்று. ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். எழுதுகிறவர் பேப்பரைப் பார்த்தார். பதினேழு வருடம் எனக்குள் கிடந்த ஆசை, உங்களை வெட்டுவதோ ஊரில் தலைகுனிய வைப்பதோ இல்லை போலிருக்கிறது. நான் சொல்வதை நீங்கள் கேட்க வேண்டும் என்பதுதான். அது அங்கே நடந்துகொண்டிருந்தது. நான் ஒரு சொல்லும் பேசுவதற்கு முன்பே நடந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வசனம் எனக்குத் தேவைப்படவில்லை. வாயில் இருந்தது நாடக வசனம்தான், அதைப் பேசினேன்.

வரும் வழியில் பஸ்ஸில் தூங்கினேன். தேவி எழுப்பித்தான் இறங்கினேன். நான் பஸ்ஸில் தூங்குகிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

என் கணக்கு இவ்வளவுதான் அண்ணே. முடிந்தது. நீங்கள் என்னைக் குத்த மறந்ததற்கு வாத்தியார் என்ன சொன்னார்?

இனிமேல் எனக்கு 'நீங்கள்' போட வேண்டாம்.

மாரிச்சாமி


தேவர்சோலை
13.5.2025

அன்புள்ள தம்பி மாரிச்சாமிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உனக்கு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. கேட்பதற்காகத் தயார் செய்துகொண்ட மனது, கேட்காமல் திரும்பிப் போகமாட்டேன் என்றது. அதனால் நானே சொல்லிவிட்டேன்.

நேற்று திங்கட்கிழமை காலை பெரட்டுக் களத்தில் எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போது, சூப்பர்வைசரிடம் இரண்டு நிமிஷம் கேட்டு வாங்கி, படியில் ஏறி நின்று சொன்னேன். சாக்கு விரித்துச் செத்துப் பழகியது, உன் மேல் போட்டது, தொரை கூப்பிட்டுக் கேட்டது, வீடு கேட்டு எழுதியது எல்லாம். என் குரல் எனக்குக் கேட்காது. கத்தினேனா முனகினேனா தெரியாது. கடைசி வரிசையில் இருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்ததால் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

ராக்கம்மா அக்காதான் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் எதிரே வந்து, நான் படித்துக்கொள்ளும்படி மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பையன் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்க மாட்டான்னு எங்களுக்கு அப்பவே தெரியும் அழகையா. நீ எப்ப சொல்லுவேன்னுதான் தெரியல." அப்புறம் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். எல்லோரும் போய்விட்டார்கள். பதினேழு வருடம் எனக்கு வணக்கம் சொன்னவர்கள், கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்கள், எல்லோரும் தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறார்கள். நான் ஒருத்தன்தான் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் ஆபீசுக்குப் போய் எழுதியும் கொடுத்தேன். இப்போதுள்ள தொரைக்கு முப்பது வயது இருக்கும். படித்துவிட்டு ஃபைலில் வைக்கச் சொன்னார், நீ குற்றமற்றவன் என்று ஒரு கடிதம் டைப் அடித்து முத்திரை போட்டுக் கொடுத்தார். நான் வேலையை விட்டுப் போக வேண்டியிருந்தால் போகிறேன் என்றேன். அடுத்த மார்ச்சில் ரிட்டையர் ஆகிறவரை கொழுந்து நிறுக்கும் வேலையைப் பாருங்கள் என்றார். கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பொன்னாயிக்கு மட்டும் நிஜமாகவே தெரியாது. அவளும் களத்தில் நின்றுதான் கேட்டாள். என்னோடு பேசாமல் இருக்க அவள் வாயை மூட வேண்டியதில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாலே போதும். நேற்று முழுக்க அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று விடிந்ததும் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எங்கே என்று சொல்லவில்லை. பந்தலூரில் மகன் வீட்டுக்குத்தான் போயிருப்பாள் என்று நினைக்கிறேன்.

மனது லேசாக இருக்கிறது தம்பி. இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. வீட்டில் சோறு ஆக்க ஆளில்லை, பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டாள், ஆனாலும் லேசாகத்தான் இருக்கிறது.

அழகையா


பெர்ன்ஹில்
17.5.2025

அன்புள்ள அழகையாண்ணனுக்கு,

பொன்னாயி அக்கா பந்தலூரில் இல்லை. எங்கள் வீட்டில் இருக்கிறார். செவ்வாய் மத்தியானமே வந்துவிட்டார். பெர்ன்ஹில்லில் பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டக்கார மாரிச்சாமி வீடு எங்கே என்று நாலு பேரிடம் கேட்டு வந்திருக்கிறார். உங்கள் கடிதம் இன்று வந்த பிறகுதான் எங்களுக்கு முழு விவரம் தெரிந்தது. அதுவரை அவர் சொன்னது இவ்வளவுதான்: வாசலில் நின்றபடி தேவியிடம், "உன் வீட்டுல பதினேழு வருசம் இருந்திருக்கேன் புள்ள. எனக்குத் தெரியாது" என்றார். தேவி அவர் பையை வாங்கி உள்ளே வைத்தாள். இருவரும் அழுதார்கள் என்று நினைக்கிறேன். நான் பூச்செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து கேரட் பாத்தியில் இரண்டு பேரும் களை எடுக்கிறார்கள். அக்காவுக்கு இந்தக் குளிர் ஒத்துவரவில்லை, என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஊருக்கு எப்போது என்று நான் கேட்டதற்கு, "அந்த மனுசன் வந்து கூப்பிட்டா போறேன், இல்லைன்னா இங்கேயே கெடக்கேன்" என்றார். தேவிக்கு அதில் ஒரு வருத்தமும் இருப்பதாகத் தெரியவில்லை.

முத்திரை போட்ட கடிதத்தைத் தேவி ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள். நான் ஒரு தடவை படித்தேன். என் பெயரில் ஒரு எழுத்துத் தப்பு. பரவாயில்லை.

ஞாயிறு 25ஆம் தேதி காலை பஸ்ஸில் கிளம்பினால் பத்தரைக்கு வந்துவிடலாம். நான் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். அன்று ராஜப்ரியாவும் குன்னூரிலிருந்து வருகிறாள். அவளிடம் நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு மாதத்தைப் பற்றி அவளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. அவள் என்னைவிடக் கோபக்காரி, ஆனால் கோபத்தை வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அவள் பேசும்போது நேருக்கு நேர் நின்றுதான் பேசுவாள்.

அவளிடம் பேசிவிடுங்கள் அண்ணே. அப்புறம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம்.

மாரிச்சாமி